நெப்ராஸ்கா 2024: முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் என்ன நடந்தது?

மிசோரிக்கரை | 8 நவம்பர் 2024

நெப்ராஸ்கா தேர்தலைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. காரணம் புரிகிறது. 1940 முதல் இந்த மாநிலம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரை ஒரே ஒரு முறைதான் தேர்ந்தெடுத்திருக்கிறது, 1964-ல் லிண்டன் ஜான்சனை. இந்த முறையும் டிரம்புக்குச் சுமார் 59 சதவீதம், கமலா ஹாரிஸுக்குச் சுமார் 39. தொலைக்காட்சி வரைபடத்தில் குடியரசுக் கட்சியின் சிவப்பைப் பூசிவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் மாநிலத்தின் பெரிய நகரமான ஓமகாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்த ஆண்டு அமெரிக்காவில் மிகவும் கவனித்துப் பார்க்க வேண்டிய தேர்தல்களில் ஒன்று இங்கேதான் நடந்தது என்பது என் உறுதியான கருத்து. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் நெப்ராஸ்காவுக்கு 5 இடங்கள். மற்ற மாநிலங்களில் வென்றவருக்கே அத்தனை இடங்களும் போகும். நெப்ராஸ்காவும் மெய்னும் மட்டும் விதிவிலக்கு. இங்கே மாநில அளவில் வென்றவருக்கு 2, மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் வென்றவருக்குத் தலா 1. சட்டம் 1991-ல் வந்தது, 1992 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. ஓமகாவைச் சுற்றியுள்ள இரண்டாவது தொகுதி 2008-ல் ஒபாமாவுக்கும், 2020-ல் பைடனுக்கும், இப்போது ஹாரிஸுக்கும் தன் ஒரு வாக்கைக் கொடுத்திருக்கிறது.

அந்த ஒன்றுக்கு இந்த ஆண்டு எவ்வளவு மதிப்பு இருந்தது தெரியுமா? ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் வென்று, மற்ற போட்டி மாநிலங்களை இழந்திருந்தால், ஓமகாவோடு சேர்த்து வெற்றிக்குத் தேவையான 270 சரியாகக் கிடைத்திருக்கும். ஓமகா இல்லாவிட்டால் 269-க்கு 269. அப்போது முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதால் குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருக்கும்.

அதனால்தான் செப்டம்பரில் செனட்டர் லிண்ட்சி கிரகாம் தென் கரோலினாவிலிருந்து எங்கள் தலைநகரான லிங்கனுக்கு வந்து எங்கள் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். சட்டத்தை மாற்றி ஐந்து இடங்களையும் ஒருவருக்கே கொடுங்கள் என்பது கோரிக்கை. அவர் வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். நெப்ராஸ்கா மாற்றினால் நாங்களும் மாற்றுவோம் என்று மெய்னின் ஜனநாயகக் கட்சியினர் வசந்த காலத்திலேயே எச்சரித்திருந்தார்கள். மெய்னில் சாதாரணச் சட்டம் நடைமுறைக்கு வர 90 நாட்கள் ஆகும். செப்டம்பரில் அவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

எங்கள் சட்டமன்றத்தில் 49 பேர். பேசிப் பேசியே மசோதாவை இழுத்தடிப்பதை முறியடிக்க 33 வாக்குகள் தேவை. குடியரசுக் கட்சியினர் சரியாக 33 பேர். அந்த 33-வது ஆள் மைக் மெக்டொனல், தெற்கு ஓமகாவின் உறுப்பினர், முன்னாள் தீயணைப்பு வீரர். அந்த ஆண்டுதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து மாறி வந்தவர். அவர் மீது விழுந்த அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பர் 23 அன்று, தேர்தலுக்கு முன் இந்த மாற்றத்துக்குத் துணைபோக மாட்டேன் என்று அறிவித்தார். அத்துடன் முயற்சி நின்றது.

அந்த வாரங்களில் ஓமகாவின் தெருக்களில் வீட்டு முற்றம்தோறும் வெள்ளைப் பலகையில் ஜனநாயகக் கட்சியின் நிறமான நீலத்தில் ஒரு வட்டம். பெயர் இல்லை, முழக்கம் இல்லை. எங்கள் ஒரு வாக்கு எங்களுடையது என்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

கடைசியில் டிரம்ப் வென்று, ஓமகாவின் வாக்கு கணக்கை மாற்றவில்லை. இருந்தாலும் இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு காரணங்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்று, செனட் தேர்தல். டான் ஆஸ்போர்ன் என்ற இயந்திரப் பழுதுபார்ப்பாளர், 2021-ல் ஓமகா கெல்லாக்ஸ் ஆலையின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர், சுயேச்சையாக நின்று சுமார் 47 சதவீதம் வாங்கினார். ஹாரிஸைவிட ஏறத்தாழ 8 புள்ளிகள் அதிகம். எதிர்த்து நின்ற டெப் ஃபிஷர் பதவியில் இருக்கும் செனட்டர், செர்ரி கவுண்டியின் மாட்டுப்பண்ணைக் குடும்பம். இரண்டு, அதே வாக்குச்சீட்டில் மக்களே நேரடியாக வாக்களித்த சட்டங்கள். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு முக்கால் பங்கு ஆதரவுடன் நிறைவேறியது. மருத்துவக் கஞ்சா 71 சதவீதத்துடன் நிறைவேறியது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் சட்டத்தை மக்கள் 57 சதவீத வாக்குகளால் ரத்து செய்தார்கள்.

டிரம்புக்கு 59 கொடுத்த அதே மக்கள்தான் இதையும் செய்தார்கள். கட்சிப் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டால் நெப்ராஸ்காவில் வேறொரு மக்கள் தெரிகிறார்கள். நான் சொல்ல வருவது அதுதான்.

---

கணக்கன் | 8 நவம்பர் 2024

விரிவான பதிவுக்கு நன்றி மிசோரிக்கரை. ஆனால் தொகுதிவாரி முறையை நீங்கள் கொண்டாடுவது எனக்கு ஏற்பில்லை.

ஓமகாவுக்கு நல்லதாகத் தெரியும் முறை நாடு முழுவதற்கும் நல்லதாகிவிடாது. 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒபாமா ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். நெப்ராஸ்கா முறை எல்லா மாநிலங்களிலும் இருந்திருந்தால் குடியரசுக் கட்சியின் ராம்னி 274-264 என்று வென்று அதிபராகியிருப்பார். ஏன்? தொகுதி எல்லைகளைக் கட்சிகள் வரைகின்றன. மாநில எல்லையை யாரும் பத்தாண்டுக்கு ஒரு முறை திருத்துவதில்லை, தொகுதி எல்லையைத் திருத்துகிறார்கள். அதிபர் தேர்தலையும் அந்த எல்லைகளோடு கட்டிப்போட்டால், கோடு போடுபவர்தான் அதிபரைத் தேர்ந்தெடுப்பார்.

உங்கள் தொகுதியே சாட்சி. 2008-ல் ஒபாமா வென்றதும் 2011-ல் எல்லையை மாற்றினார்கள். 2021-ல் மீண்டும் மாற்றி, கிராமப்புறமான சாண்டர்ஸ் கவுண்டியை உள்ளே இழுத்தார்கள். அதையும் மீறி ஓமகா தாக்குப்பிடித்தது ஓமகாவின் வளர்ச்சியால், முறையின் சிறப்பால் அல்ல.

நேரடி வாக்கு எண்ணிக்கை மட்டுமே நியாயம். ஒருவர், ஒரு வாக்கு, நாடு முழுவதும் ஒரே கூட்டல்.

---

கொற்றவை | 9 நவம்பர் 2024

//கட்சிப் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டால் நெப்ராஸ்காவில் வேறொரு மக்கள் தெரிகிறார்கள்//

இது பாதி உண்மை என்று நினைக்கிறேன் மிசோரிக்கரை. மீதிப் பாதியை நீங்கள் எழுதவில்லை.

அதே நவம்பர் 5 அன்று, அதே சீட்டில், கருக்கலைப்பு தொடர்பாக இரண்டு திருத்தங்கள் எதிரெதிராக இருந்தன. உரிமையை உறுதிப்படுத்தும் திருத்தம் தோற்றது. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு தடை செய்யும் திருத்தம் சுமார் 55 சதவீதத்துடன் வென்றது. அந்தச் சீட்டிலும் கட்சிப் பெயர் இல்லை. 2015-ல் உங்கள் சட்டமன்றம் ஆளுநரின் வீட்டோவையும் மீறி மரண தண்டனையை ஒழித்தது. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பலரும் சேர்ந்து செய்த அரிய காரியம் அது. மக்கள் என்ன செய்தார்கள்? 2016-ல் 61 சதவீத வாக்குகளால் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் கட்சிப் பெயர் இல்லை.

ஆகவே இவர்கள் ஏமாற்றப்பட்ட முற்போக்காளர்கள் அல்லர். பழமைவாதிகள், மனம் அறிந்து பழமைவாதிகள். அவர்கள் சொந்த நலனுக்கு எதிராக வாக்களிக்கிறார்கள் என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இரக்கப்படுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் நம்புவதை நம்புகிறார்கள் என்று ஏற்றுக்கொள்வதுதான் அவர்களுக்குத் தரும் மரியாதை. எனக்கு அந்த நம்பிக்கைகளில் பலவும் வருத்தம் தருபவை. அதை மறைக்கவில்லை.

---

ஊர் மருத்துவர் | 9 நவம்பர் 2024

இந்த இழையில் பேசுபவர்களில் மூன்றாவது தொகுதியில் வாழ்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சிறிய ஊர், சிறிய மருத்துவமனை. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களை நம்பித்தான் இந்தப் பகுதியின் பல ஊர்கள் இருக்கின்றன.

மூன்றாவது தொகுதியின் பரப்பு வெளியில் இருப்பவர்களுக்குப் பிடிபடாது. இரண்டு நேர மண்டலங்களில் பரவிய ஒரே தொகுதி. இதில் உள்ள செர்ரி கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல) மட்டும் கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மாநிலத்தில் மனிதர்கள் சுமார் 20 லட்சம், மாடுகள் 60 லட்சத்துக்கும் மேல். இங்கே முக்கால் பங்கு மக்கள் டிரம்புக்கு வாக்களித்தார்கள். அந்த முக்கால் பங்கில்தான் என் நோயாளிகள், என் செவிலியர்கள், என் பிள்ளையின் ஆசிரியை எல்லோரும் இருக்கிறார்கள்.

கொற்றவை அக்கா சொல்வது சரி, இவர்கள் மனம் அறிந்துதான் வாக்களிக்கிறார்கள். ஆனால் எதை அறிந்து என்பதில்தான் நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நில வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்காவில் பள்ளிகள் பெருமளவு சொத்து வரியால் நடக்கின்றன. விவசாய நிலத்துக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதத்தை அடிப்படையாக வைத்து வரி. சோளத்தின் விலை விழுந்தாலும் நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும்போது, கையில் காசில்லாத ஆண்டிலும் வரி கூடுகிறது. விற்க மனமில்லாத நிலத்தின் பெயரில் பணக்காரராகக் கணக்கிடப்படுகிறார்கள். அரசு செலவைக் குறை என்ற குரல் இங்கே அந்த ரசீதிலிருந்து எழுகிறது. ஓமகாவிலோ லிங்கனிலோ இருந்து யாராவது ஒரு புதிய திட்டம் என்று சொன்னால், அதன் செலவு என் நிலத்தின் தலையில் விழும் என்றுதான் முதலில் கேட்கிறது.

அதே மனிதர் தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் என்றதும் எதிர்த்து வாக்களித்தார். இந்தப் பக்கம் பல கவுண்டிகளில் தனியார் பள்ளியே கிடையாது. அரசுப் பள்ளி போனால் ஊரே போய்விடும். வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்தும், துக்கம் விசாரிக்கக் கூடும் மண்டபமும், பாதிப் பெண்களுக்கு வேலையும் அந்தப் பள்ளிதான். 2018-ல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்தை மாநிலம் 53 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்குகளுடன் நிறைவேற்றியதே, அதற்கு இந்தப் பக்கத்தில் பெரும்பான்மை இல்லை. இருந்தும் எங்களைப் போன்ற சிறு மருத்துவமனைகளுக்கு அது மூச்சு கொடுத்தது. மாநிலத்தில் இப்படிப்பட்டவை அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. அந்த ஆண்டு தேர்தலில் நிறைவேறியதை அரசு 2020 அக்டோபரில்தான் நடைமுறைப்படுத்தியது. இடையில் சிகிச்சை தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன், ஏன் எப்போதும் குடியரசுக் கட்சி என்று. கொள்கை விளக்கம் யாரும் சொல்வதில்லை. எங்களை மதிப்பவர்கள் இவர்கள் மட்டும்தான் என்று சொல்கிறார்கள். மதிக்கிறார்களா என்று நான் மேலும் கேட்பதில்லை. மருத்துவரின் அறையில் அதற்கு இடமில்லை.

---

தென்றல் | 9 நவம்பர் 2024

மருத்துவர் ஐயா, இப்படி எழுத இங்கே ஆள் இல்லை, தொடர்ந்து எழுதுங்கள்.

எனக்கு ஒரு கேள்வி. ஜனநாயகக் கட்சி இந்த மாநிலத்தில் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? ஒரு காலத்தில் அங்கிருந்து பெரிய தலைவர்கள் வந்ததாக எங்கோ வாசித்த நினைவு.

---

ஏட்டுச்சுவடி | 10 நவம்பர் 2024

தென்றல், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நெப்ராஸ்காவின் வரலாறு தெரியாமல் இன்றைய வரைபடத்தைப் படிக்க முடியாது.

1892 ஜூலை 4 அன்று மக்கள் கட்சி, அதாவது பாப்புலிஸ்டுகள், தங்கள் கொள்கை அறிக்கையை வெளியிட்டது ஓமகாவில்தான். வருமானத்துக்கேற்ற வரி வேண்டும், ரயில்வே அரசுடைமையாக வேண்டும், தபால் நிலையத்தில் சேமிப்பு வங்கி வேண்டும் என்றெல்லாம் அதில் கேட்டார்கள். கேட்டவர்கள் விவசாயிகள். ரயில் கம்பெனி சொன்ன கட்டணத்துக்குத் தானியத்தை ஏற்றி, வங்கி சொன்ன வட்டிக்குக் கடன் வாங்கி நொந்தவர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து லிங்கன் நகரைச் சேர்ந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், 36 வயதில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். 1896, 1900, 1908 என்று மூன்று முறை நின்று மூன்றிலும் தோற்றார். நெப்ராஸ்கா 1896-லும் 1908-லும் அவருக்கு வாக்களித்தது.

அதைவிட முக்கியமானவர் ஜார்ஜ் நோரிஸ். மக்குக் என்ற சிற்றூர்க்காரர், குடியரசுக் கட்சி செனட்டர். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோன 1936 சட்டத்தின் மூலவர்களில் ஒருவர். அதே ஆண்டு தன் கட்சியை விட்டு சுயேச்சையாக நின்று செனட்டுக்கு வென்றார். இரண்டு அவைகள் எதற்கு, ஒன்று போதும், அதிலும் கட்சிப் பெயர் வேண்டாம் என்று ஊர் ஊராகத் தன் காரில் போய்ப் பேசினார். 1934-ல் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1937 முதல் இன்றுவரை நெப்ராஸ்கா மட்டுமே ஒற்றை அவை கொண்ட மாநிலம். உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் சீட்டில் கட்சி இருக்காது. மின்சாரமும் அப்படித்தான். மாநிலம் முழுவதும் பொதுத்துறை மற்றும் கூட்டுறவு அமைப்புகள் வழியாகவே மின்சாரம். வேறெந்த மாநிலத்திலும் இப்படி இல்லை. பழமைவாதத்தின் கோட்டை என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் மின்சார வாரியத்தைத் தனியாருக்கு விற்கப் போகிறேன் என்று சொல்லி யாரும் தேர்தலில் நிற்க முடியாது.

ஆளுநர்களைப் பாருங்கள். ஜேம்ஸ் எக்ஸன், பாப் கெரி, பென் நெல்சன் எல்லோரும் ஜனநாயகக் கட்சியினர். தேர்வாளர் வாக்கைப் பிரிக்கும் 1991 சட்டம் நெல்சன் காலத்தில் வந்தது. பின்னர் அதை ரத்து செய்ய வந்த முயற்சியை வீட்டோ செய்ததும் அவரே. செனட்டராகி, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வாக்களித்தார். ஊரில் எழுந்த கோபம் தணியவே இல்லை, 2012-ல் மீண்டும் நிற்கவில்லை. அதன் பிறகு மாநில அளவில் அந்தக் கட்சி யாரையும் வெல்ல வைக்கவில்லை. தேசியக் கட்சியின் பெயர் உள்ளூர் வேட்பாளரின் கழுத்தில் கல்லாகத் தொங்க ஆரம்பித்த காலம் அது.

---

மிசோரிக்கரை | 10 நவம்பர் 2024

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு வணக்கம். நோரிஸ் பற்றி எழுத நினைத்திருந்தேன், உங்களைப் போல எழுதியிருக்க மாட்டேன்.

கணக்கனுக்கு: நாடு முழுவதும் நேரடி எண்ணிக்கை வந்தால் நானும் மகிழ்வேன், மறுப்பில்லை. 2012 கணக்கும் சரி. ஆனால் அது வரும்வரை நெப்ராஸ்கா என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் முன் உள்ள கேள்வி. ஐந்தையும் ஒருவருக்கே கொடுத்தால் ஓமகாவின் லட்சக்கணக்கான வாக்குகள் நவம்பர் மாதமே தொடங்குமுன் செத்துவிடும். குடியரசுக் கட்சிக்கும் அதில் இழப்பு உண்டு. போட்டி இருப்பதால்தான் இரண்டு கட்சிகளும் இங்கே பணம் செலவழிக்கின்றன, வேட்பாளர்களின் ஆட்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். மெய்னின் இரண்டாவது தொகுதியும் கிராமப்புறம்தான், அது டிரம்புக்கு ஒரு வாக்கைக் கொடுத்திருக்கிறது. எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்த மக்களின் வாக்கும் எண்ணப்படுவது சரியே.

கொற்றவைக்கு: அவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கருக்கலைப்பிலும் மரண தண்டனையிலும் அவர்கள் பழமைவாதிகள், ஒப்புக்கொள்கிறேன். நோய் விடுப்பிலும், 2022-ல் 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்திலும், பள்ளிப் பணத்திலும் இல்லை. இரண்டும் சேர்ந்தவர்தான் நெப்ராஸ்கா வாக்காளர். ஆனால் அதிபர் தேர்தல் அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, ஒரே ஒரு பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

இன்னொன்று. இங்கே மக்கள் முன்மொழியும் ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவர மொத்தக் கையெழுத்து எண்ணிக்கை மட்டும் போதாது. 93 கவுண்டிகளில் 38-ல், ஒவ்வொன்றிலும் வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். ஓமகாவையும் லிங்கனையும் மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கொண்டுவர முடியாது. ஆகவே நோய் விடுப்புச் சட்டம் நகரத்தார் திணித்தது என்று சொல்ல வழியில்லை. மாட்டுச் சந்தைகளிலும் கவுண்டித் திருவிழாக்களிலும் நின்று கையெழுத்து வாங்கினார்கள்.

---

கொற்றவை | 11 நவம்பர் 2024

கையெழுத்து விதி எனக்குப் புதிய செய்தி. நன்றி.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஸ்கைலர், லெக்சிங்டன், கிராண்ட் ஐலண்ட் போன்ற ஊர்களில் இறைச்சி ஆலைகளில் வேலை செய்பவர்கள் யார்? பெரும்பாலும் குவாத்தமாலா, மெக்சிகோ, சோமாலியாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஆலை இல்லாவிட்டால் சுற்றியிருக்கும் பண்ணையாளரின் மாட்டுக்கு விலை இல்லை. அந்தத் தொழிலாளர் இல்லாவிட்டால் ஆலை இல்லை. ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் நிரம்பியிருப்பதும் அவர்களால்தான். அப்படி இருக்க, குடியேறிகளைக் கூட்டமாக நாடு கடத்துவேன் என்று சொன்ன வேட்பாளருக்கு அதே கவுண்டிகள் பெரும்பான்மை கொடுத்தன. இதை மரியாதையின் மொழியில் எப்படிப் புரிந்துகொள்வது? மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

---

ஊர் மருத்துவர் | 12 நவம்பர் 2024

அக்கா, என்னிடம் முழு விடை இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

தெரிந்த குடியேறி வேறு, தொலைக்காட்சியில் வரும் குடியேறி வேறு என்று இங்கே மனங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. நான் பழுப்பு நிறத்தவன். எனக்கு வீட்டில் சமைத்த உணவு கொண்டுவந்து தந்தவர் வீட்டு வாசலில் நாடு கடத்தலை ஆதரிக்கும் பலகை இருந்தது. அவர் என்னை அதில் சேர்க்கவே இல்லை. ஆலைத் தொழிலாளியின் மகன் அவருடைய பேரனோடு விளையாடுகிறான், அவனையும் சேர்க்கவில்லை. ஆனால் சட்டம் எழுதும்போது தெரிந்தவன், தெரியாதவன் என்று பிரித்து எழுத முடியாதே. அதை நான் அவரிடமே சொன்னேன். மருத்துவமனைக்கு வெளியே, கடைவாசலில். நல்லவர்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றார். அவர் அதை முழுமனதோடு நம்புகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

---

கணக்கன் | 12 நவம்பர் 2024

ஆஸ்போர்ன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை, ஆஸ்போர்ன் அவர்களின் ஆதரவையும் வேண்டாம் என்றார். வெளியிலிருந்து கோடிக்கணக்கான டாலர் அவருக்காகச் செலவழிக்கப்பட்டது. இவ்வளவு சாதகம் இருந்தும் ஆறேழு புள்ளிகளில் தோற்றார். கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் கிடைக்கும் அதிகபட்சம் அதுதான் என்று சொல்ல இடமிருக்கிறது.

---

மிசோரிக்கரை | 12 நவம்பர் 2024

அதிகபட்சமா, முதல் படியா என்பது இன்னொரு தேர்தல் வந்தால்தான் தெரியும் கணக்கன். ஹாரிஸ் சுமார் 20 புள்ளிகளில் தோற்ற மாநிலத்தில் ஒரு மெக்கானிக் ஆறேழில் தோற்றார். குறைவான காரியமாக எனக்குத் தெரியவில்லை.

---

தென்றல் | 24 நவம்பர் 2025

ஓராண்டு கழித்து இழையை மேலே கொண்டுவருகிறேன், நிர்வாகிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லெக்சிங்டன் ஆலை மூடப்படுகிறது என்ற செய்தி பார்த்தேன். சென்ற ஆண்டு கொற்றவையும் மருத்துவரும் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஐயா, இருக்கிறீர்களா?

---

ஊர் மருத்துவர் | 25 நவம்பர் 2025

இருக்கிறேன் தென்றல்.

லெக்சிங்டனின் இறைச்சி ஆலை, டைசன் நிறுவனத்துடையது, வரும் ஜனவரியில் மூடப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். சுமார் 3,200 பேருக்கு வேலை போகிறது. ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 11,000. குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால் ஊரில் பாதிக்கப்படாத குடும்பம் எத்தனை இருக்கும்? 1990-ல் ஆலை திறந்ததிலிருந்து அந்த ஊர் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. நாட்டில் மாடுகளின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்திருப்பதும், அதனால் மாட்டு விலை ஏறி ஆலைகள் நஷ்டப்படுவதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வறட்சியில் மந்தையைக் குறைத்த பண்ணையாளர் இன்னும் பெருக்கவில்லை. இதை ஒரு அதிபரின் தலையில் மட்டும் போட முடியாது, போடவும் மாட்டேன்.

ஆனால் இந்த ஆண்டு மற்றவையும் நடந்தன. வரிப் போரில் சீனா மாதக்கணக்கில் அமெரிக்க சோயாவை வாங்கவில்லை. 2018-லும் இதே கதை நடந்து, அப்போது அரசு நிவாரணப் பணம் கொடுத்துச் சமாளித்தது. அக்டோபரில் மாட்டிறைச்சி விலையைக் குறைக்க அர்ஜென்டினாவிலிருந்து வாங்குவோம் என்று அதிபர் சொன்னபோது, இங்கே எழுந்த கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. டெப் ஃபிஷரே வெளிப்படையாக எதிர்த்தார். பல ஆண்டுகள் வறட்சியிலும் விலை வீழ்ச்சியிலும் தாக்குப்பிடித்தவர்களுக்கு இப்போதுதான் நல்ல விலை கிடைத்தது, அதையும் தட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று மனம் வெந்து பேசினார்கள்.

அடுத்த முறை மாற்றி வாக்களிப்பார்களா என்று கேட்காதீர்கள். கோபப்பட்டவர் ஒருவரும் என்னிடம் ஜனநாயகக் கட்சியின் பெயரை எடுக்கவில்லை.

---

கொற்றவை | 25 நவம்பர் 2025

படிக்கவே நெஞ்சு கனக்கிறது ஐயா. அந்த 3,200 பேரில் பலருக்கு வாக்குரிமைகூட இல்லை. ஊரைத் தாங்கியவர்களுக்கு ஊரின் முடிவில் குரல் இல்லை என்பதுதான் இந்த முழு விவாதத்திலும் நாம் குறைவாகப் பேசியது.

நோய் விடுப்புச் சட்டம் என்ன ஆயிற்று? முக்கால் பங்கு மக்கள் வாக்களித்ததே.

---

மிசோரிக்கரை | 26 நவம்பர் 2025

சட்டமன்றம் அதில் கை வைத்துவிட்டது கொற்றவை. அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வருமுன்னரே திருத்தி, பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். சிற்றூர்களில் பெரும்பாலான கடைகள் அந்த அளவுதான். மாட்டுச் சந்தையில் நின்று கையெழுத்துப் போட்ட அதே ஊர்க்காரருக்குத்தான் விடுப்பு இல்லாமல் போயிற்று. கட்சிப் பெயர் சீட்டில் இல்லாத சட்டமன்றம்தான், ஆனால் எல்லோருக்கும் யார் எந்தக் கட்சி என்று தெரியும், வாக்கும் அந்த வரிசையில்தான் விழுகிறது. நோரிஸ் கட்டிய வீட்டில் கட்சி பின்வாசல் வழியாக நுழைந்து வெகுகாலமாகிவிட்டது. எனக்கு இதில் அடங்காத கோபம்.

தேர்வாளர் வாக்கைப் பிரிக்கும் சட்டம் மட்டும் தப்பியது. இந்த ஏப்ரலில் மறுபடியும் மசோதா வந்தது, மறுபடியும் 33 கிடைக்கவில்லை. 2028-க்கு முன் இன்னொரு முறை வரும் என்பதில் சந்தேகமில்லை. ஓமகாவின் காங்கிரஸ் உறுப்பினர் டான் பேக்கன் அடுத்த ஆண்டு நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார், ஆகவே அந்தத் தொகுதி திறந்த களம். ஆஸ்போர்ன் மீண்டும் சுயேச்சையாக வருகிறார், இம்முறை செனட்டர் பீட் ரிக்கெட்ஸுக்கு எதிராக. கணக்கன் கேட்ட அதிகபட்சம் எது என்ற கேள்விக்கு 2026 நவம்பரில் ஒரு விடை கிடைக்கும்.

---

கணக்கன் | 26 நவம்பர் 2025

அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு, சீட்டின் உச்சியில் டிரம்பின் பெயர் இருக்காது. 2024-ஐ விட அது ஆஸ்போர்னுக்குச் சாதகம். ரிக்கெட்ஸ் முன்னாள் ஆளுநர், செல்வந்தக் குடும்பம், செலவழிக்கத் தயங்கமாட்டார். அது பாதகம். மருத்துவர் ஐயா, உங்கள் பக்கத்தில் ஆஸ்போர்ன் பலகைகள் தென்படத் தொடங்கினால் இங்கே எழுதுங்கள். ஓமகாவில் எத்தனை இருக்கின்றன என்பது முக்கியமில்லை, செர்ரி கவுண்டியில் எத்தனை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

---

ஊர் மருத்துவர் | 27 நவம்பர் 2025

எழுதுகிறேன். இப்போதைக்கு எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை, பக்கத்து ஊரில் தீவனக் கடைக்கு எதிரே ஒன்று இருக்கிறது. 2024 தேர்தலின்போதே வைத்தது, கடைக்காரர் எடுக்கவில்லை. அதே கடைக்காரர் அப்போது டிரம்புக்கு வாக்களித்தவர், என்னிடம் அவரே சொன்னார்.